இன்று எதை உண்மையான புஷ் ஃப்ளையிங் என்று சொல்லலாம்?

நண்பர் கேட்டிருப்பது இது: யூடியூபைத் திறந்தால் பருத்த டயர் போட்ட குட்டி விமானங்கள் ஆற்று மணல்திட்டில் இறங்குகின்றன, அதைத்தான் எல்லாரும் புஷ் ஃப்ளையிங் என்கிறார்கள். சாலை எட்டாத காட்டு ஊர்களுக்குச் சிறு விமானத்தில் ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்க்கும் தொழிலுக்கு வந்த பெயர் அது. கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் அன்றாடம் பறக்கும் நிறுவனங்களிடமோ ஜிபிஎஸ், ஆட்டோபைலட், டர்பைன் எஞ்சின், அரசு பராமரிக்கும் ஓடுதளம் எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் பழைய புஷ் ஃப்ளையிங் முடிந்துபோய்விட்டதா, இன்று அந்தப் பெயருக்குத் தகுதியானது எது? இதற்குள் அவர் வெளிப்படையாகக் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பைலட் உரிமம் வாங்கிக்கொண்டு வடக்கே போனால், கனவில் கண்ட வேலை கிடைக்குமா, அல்லது அதன் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சமா என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் வடமேற்கு ஒன்டாரியோவில் கோடையில் மிதவை விமானமும் குளிர்காலத்தில் ஸ்கீ (பனியில் வழுக்கும் சறுக்குக்கட்டை) பொருத்திய விமானமும் பிறகு செஸ்னா கேரவன் என்ற ஒற்றை டர்பைன் எஞ்சின் விமானமும் ஓட்டியவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அலாஸ்காவையும் பப்புவா நியூ கினியையும் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கே பறந்த சகாக்களிடம் கேட்டதும் விபத்து விசாரணை அறிக்கைகளில் படித்ததும்தான். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தின் வயது, டயரின் பருமன், இறங்கும் இடத்தின் நீளம் ஆகியவற்றை வைத்து இதை அளக்க முடியாது. பறந்து போய்ச் சேரும் மறுமுனையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இந்த விமானத்தை விட்டால் வேறு வழி உண்டா? அங்கே இறங்கப்போகும் பைலட்டுக்கு ஓடுதளம் எப்படி இருக்கிறது, மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, இறக்கையில் படிந்த பனியை நீக்க ஆள் உண்டா என்று சொல்லவும் உதவவும் தரையில் யாராவது இருக்கிறார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது புஷ் ஃப்ளையிங். காக்பிட்டில் எத்தனை திரைகள் மின்னினாலும் சரி. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ‘இல்லை’ என்றால், அங்கேதான் விவாதத்துக்கு இடம் இருக்கிறது.

வரலாறும் இதையே சொல்கிறது. 1919 ஜூனில் ஸ்டூவர்ட் கிரஹாம் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு கர்டிஸ் பறக்கும் படகை (நீரில் இறங்கும் விமானம்) ஓட்டிக்கொண்டு கியூபெக்கின் லாக்-ஆ-லா-டோர்ட்யூ என்ற ஏரிக்குப் போனார். கனடாவில் இந்தத் தொழிலின் தொடக்கமாகப் பலரும் கொள்வது அந்தப் பயணத்தைத்தான். அவர் போனது காட்டுத் தீயைக் கண்காணிக்க. கூலி கொடுத்தவர்கள் மரக்கூழ், காகித நிறுவனங்கள். 1924 பிப்ரவரி 21 அன்று கார்ல் பென் ஐல்சன் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்கு விமானத்தில் தபால் கொண்டுபோனார். நாய்கள் இழுக்கும் வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட தூரத்தை அவர் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடந்தார். 1926இல் ஒன்டாரியோவின் ரெட் லேக்கில் தங்கத்தைத் தேடிக் கூட்டம் கிளம்பியபோது அவர்களையும் அவர்களுடைய மண்வெட்டிகளையும் ஏற்றிப் போக விமானங்கள் வந்தன. 1929 ஜனவரியில் வாப் மேயும் விக் ஹார்னரும் திறந்த காக்பிட் கொண்ட ஏவ்ரோ ஏவியன் விமானத்தில், தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைக் கொட்டும் குளிரில் எட்மண்டனிலிருந்து ஃபோர்ட் வெர்மிலியனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். இவர்களில் ஒருவரும் சாகசத்துக்காகப் பறக்கவில்லை. தபாலும் மருந்தும் சரக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது, அதற்கு விமானம் தேவைப்பட்டது. சாகச ஒப்பனையெல்லாம் பின்னால் வந்தவர்கள் பூசியது.

அந்த 1929 பயணத்துக்கு நேர் வாரிசு ஒன்றை நம் காலத்திலேயே பார்த்தோம். 2021 பிப்ரவரியில் ஒன்டாரியோவின் வான்வழி மருத்துவச் சேவை, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய 31 பழங்குடிச் சமூகங்களுக்கும் மூஸனீ என்ற ஊருக்கும் கோவிட் தடுப்பூசியைக் கொண்டுபோகும் பணியைத் தொடங்கியது. அழுத்தமூட்டப்பட்ட கேபின், டர்பைன் எஞ்சின், கருவிகளைக் கொண்டு மேகத்துக்குள் பறக்கும் திறன் எல்லாம் இருந்தன. செய்த வேலை மட்டும் வாப் மே செய்த அதே வேலைதான்: வெப்பநிலை தவறினால் கெட்டுப்போகக்கூடிய மருந்தை, வேறு எந்த வழியிலும் நேரத்துக்குப் போய்ச் சேராத ஊருக்கு எடுத்துச் செல்வது. அதைப் புஷ் ஃப்ளையிங் இல்லை என்று சொல்கிறவர்களுடன் நான் ஒத்துப்போக மாட்டேன்.

விமானத்தை வைத்து அளக்கக் கூடாது என்பதற்குப் பீவரே சாட்சி. டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் பீவர் 1947 ஆகஸ்ட் 16இல் முதன்முதலாகப் பறந்தது. 1967இல் உற்பத்தி நின்றது. இன்றும் ஏரிகளில் பறந்துகொண்டிருக்கிறது. வடிவமைப்பதற்கு முன்னால் அந்த நிறுவனம் வடக்கே பறந்துகொண்டிருந்த பைலட்டுகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கியது. அதனால்தான் எண்ணெய் பீப்பாயை உருட்டி ஏற்றும் அகலத்தில் அதற்குக் கதவுகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாய் காக்பிட்டுக்குள்ளேயே இருக்கிறது, பறந்துகொண்டே ஊற்றலாம். கடுங்குளிரில் கையுறையைக் கழற்றி விமான மூக்கிலுள்ள எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவனுக்கே அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். இப்படிப்பட்ட விமானம், அதன் பெரிய அண்ணனான ஓட்டர் இரண்டும் இன்று வான்கூவர் துறைமுகத்திலிருந்து அலுவலகம் போகிறவர்களை விக்டோரியாவுக்குக் கால அட்டவணைப்படி ஏற்றிச் செல்கின்றன. 2019 டிசம்பர் 10 அன்று வான்கூவரை அடுத்த ரிச்மண்டில் மின்மோட்டார் பொருத்திய பீவர் ஒன்று வெள்ளோட்டமும் பார்த்தது. அழகான சேவை, திறமையான பைலட்டுகள். ஆனால் இரு முனையிலும் நகரம், இரு முனையிலும் படகுத்துறை ஆட்கள், தவறினால் போக கப்பலும் உண்டு. அதைப் புஷ் ஃப்ளையிங் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே நாளில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ஃபோர்ட் செவர்னுக்கு ஒருவர் புத்தம்புதிய கேரவனில் மளிகைச் சாமான் ஏற்றிப் போனால், அவர் புஷ் பைலட்.

வடக்கு ஒன்டாரியோவை நேரில் பார்க்காதவர்களுக்காக அந்த மறுமுனை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மாநில நெடுஞ்சாலை பிக்கிள் லேக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே காடு, சதுப்பு, எண்ண முடியாத ஏரிகள். இடையிடையே க்ரீ, ஓஜி-க்ரீ, ஓஜிப்வே மக்களின் ஊர்கள். பெரும்பாலான ஊர்களில் சுமார் 3,500 அடி நீளமுள்ள சரளை ஓடுதளம் ஒன்று, ஒரு சின்னக் கட்டடம், பனி தள்ளும் வண்டி ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை ஏரிகள் உறைந்தால் பனியின் மேல் குளிர்காலச் சாலை போடுவார்கள். ஆண்டு முழுவதற்குமான டீசலும் கட்டுமானப் பொருளும் அந்தச் சில வாரங்களில் லாரியில் போய்விட வேண்டும். குளிர் குறைந்துகொண்டே வருவதால் அந்தச் சாலையின் ஆயுள் சுருங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் நிஷ்னாப் ஆஸ்கி நேஷன் என்ற பழங்குடிகள் கூட்டமைப்பு இதற்காகவே அவசர நிலை அறிவித்தது. லாரி போகாததை விமானம்தான் சுமக்க வேண்டும். பால், டயபர், பள்ளி ஆசிரியர், தேர்தல் வாக்குப்பெட்டி, சவப்பெட்டி எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் அந்த ஊருக்குள் வருகின்றன. கர்ப்பிணிகள் பிரசவ நாளுக்குச் சில வாரம் முன்பே வீட்டை விட்டு, மருத்துவமனை உள்ள சூ லுக்அவுட்டுக்கோ தண்டர் பேவுக்கோ விமானம் ஏறிவிட வேண்டும். புஷ் ஃப்ளையிங் செத்துவிட்டது என்று யாராவது சொல்லும்போது என் நினைவுக்கு வருவது, துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருக்கை வாரைத் தன் வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்ளும் அந்தப் பெண்கள்தான்.

‘ஆனால் ஜிபிஎஸ் வந்துவிட்டதே’ என்பது அடுத்த வாதம். ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். ஏரியின் மேல் கிடக்கும் பனி எதை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லாது. ஸ்கீ விமானத்தில் உறைந்த ஏரியொன்றில் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணி விரித்தாற்போல் சமமாக இருக்கும். பனியின் கனத்தில் உறைபாளம் அழுந்தி, விரிசல் வழியே நீர் மேலேறி, பனிக்கும் பாளத்துக்கும் நடுவே சேறு மாதிரித் தேங்கியிருக்கும். மேலே உள்ள பனி கம்பளி போல மூடியிருப்பதால் அது உறையாது. அதில் போய் நின்றுவிட்டால் ஸ்கீ ஒட்டிக்கொண்டு உறைந்துவிடும். மறுநாள் வரை கோடரியால் கொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் முதல் முறை நிற்க மாட்டோம். ஸ்கீ பனியில் அழுந்தும்படி வேகத்தோடு ஒரு நீண்ட கோடு இழுத்துவிட்டு மேலேறி, ஒரு வட்டம் போட்டு வந்து அந்தத் தடத்தைப் பார்ப்போம். தடம் வெள்ளையாகவே இருந்தால் இறங்கலாம். சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் கீழே நீர்; வேறு இடம் பார்க்க வேண்டும். இறங்கிய பிறகும் விமானத்தைத் தளிர்க்கிளைகளின் மேலோ மரக்கட்டைகளின் மேலோ ஏற்றித்தான் நிறுத்துவோம். இந்த அறிவு எந்தத் திரையிலும் வராது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மூத்த பைலட்டிடமிருந்துதான் வரும்.

கோடையில் இதற்கு இணையானது கண்ணாடி நீர். காற்றே இல்லாத காலையில் ஏரி வானத்தை அப்படியே பிரதிபலிக்கும். நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு அனுபவசாலியின் கண்ணுக்கும் பிடிபடாது. ஐந்தடி உயரம் என்று நினைத்து விமானத்தைத் தூக்கிப் பிடித்தால் அது ஐம்பதடியாக இருந்து, வேகம் இழந்து விழுவீர்கள். அல்லது இன்னும் ஐம்பதடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மூக்கை நீரில் குத்துவீர்கள். எனவே உயரத்தைக் கணிக்கும் ஆசையையே விட்டுவிட வேண்டும். கரையோர மரங்களை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றே தூக்கித் தரையிறங்கும் நிலையில் வைத்து, நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி அளவில் இறங்கும்படி எஞ்சின் சக்தியை நிலைநிறுத்தி, மிதவை நீரைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். ஏரி நீளம் போதாவிட்டால் இந்த முறை உதவாது, திரும்பிவிட வேண்டும். புதியவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது கையை அசைக்காமல் வைத்திருக்கும் அந்தப் பொறுமைதான்.

இதற்காகக் கருவிகள் தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலாஸ்காவின் ஊர்களில் ஐந்தில் நான்கு சாலை வலையோடு சேராதவை. அங்கே அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் மலைக்கணவாய்களிலும் ஓடுதளங்களிலும் வானிலைக் கேமராக்களை நிறுவியது. கிளம்புவதற்கு முன்னால் பைலட் அந்தப் படங்களைப் பார்த்து, கணவாய் திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடிகிறது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கிளம்பித் திரும்பாமல் போனவர்கள் முன்பு ஏராளம். 1999இல் தொடங்கிய கேப்ஸ்டோன் திட்டம் பெத்தல் வட்டாரத்துச் சிறு விமானங்களின் காக்பிட்டுக்குள் நிலப்பரப்பு வரைபடத்தையும் பிற விமானங்களின் இருப்பிடத்தையும் கொண்டுவந்தது. இவை உயிர்களைக் காத்திருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, 2008 முதல் 2017 வரை அலாஸ்காவின் விமான விபத்து விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட 2.35 மடங்கு, உயிரிழப்பு விபத்துகளின் விகிதம் 1.34 மடங்கு. கருவி இருந்தும் நடந்த விபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2016 அக்டோபர் 2 அன்று குவின்ஹகாக்கிலிருந்து டோகியாக்குக்குப் போன கேரவன் ஒன்று மேகம் சூழ்ந்த மலைச்சரிவில் மோதி அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அதில் இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்தத் தொழிலில் அன்றாடம் மலைகளை ஒட்டித் தாழப் பறக்கிறார்கள். கருவி விடாமல் கத்திக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. கருவியைச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்த விமானப் பயணமும் இவர்கள் பறக்கும் பயணமும் வேறு வேறு.

பெரிய விமானம் என்றால் புஷ் ஃப்ளையிங் இல்லை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். 2017 டிசம்பர் 13 அன்று சஸ்காட்சவானின் வடக்கே ஃபான்-டு-லாக் என்ற ஊரிலிருந்து 25 பேருடன் புறப்பட்ட ஏடிஆர் 42 விமானம் ஓடுதளத்தைத் தாண்டியதும் காட்டில் விழுந்தது. காயமடைந்த பயணி ஒருவர் பின்னர் இறந்தார். இறக்கையில் பனி படிந்திருந்தது. விசாரணையில் வெளியானதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை, வருத்தம்தான் வந்தது: பனி நீக்க அந்த நிலையத்தில் இருந்தவை இரண்டு ஏணிகள், கையால் தெளிக்கும் ஒரு குழாய், ஒரு கலன் திரவம். ஓர் ஏடிஆரின் இறக்கைக்கு இது எந்த மூலைக்கு? அட்டவணைப்படி பறக்கும் இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம், இரண்டு பைலட்டுகள், ஒரு விமானப் பணிப்பெண். ஆனால் மறுமுனையில் கைவிடப்பட்ட நிலை, 1929இல் இருந்ததிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை. இந்த ஒரு நிகழ்வே என் அளவுகோலை நியாயப்படுத்தும் என்று நம்புகிறேன். இதோடு ஒப்பிட்டால் போயிங் 737-200 இன்னும் வியப்பானது. மூக்குச் சக்கரத்தில் கல் தடுக்கும் தகடும், எஞ்சின் வாய்க்கு முன்னால் காற்றைப் பீய்ச்சிச் சரளை உறிஞ்சப்படாமல் தடுக்கும் குழாயும் பொருத்தப்பட்ட அந்த ஜெட்கள் கனடாவின் வடக்கே சரளைத் தளங்களில் பல பத்தாண்டுகள் இறங்கின. அவை புஷ் விமானங்களா? இங்கே நான் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். ஊர்களின் நிலை அதே நிலைதான்; ஆனால் பைலட்டுக்குப் பின்னால் ஒரு முழு நிறுவனமும் அதன் திட்டமிடலும் நின்றன.

இனி சர்ச்சைக்குரியவற்றுக்கு வருகிறேன். அலாஸ்காவின் வால்டீஸில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் குறுந்தூரத் தரையிறக்கப் போட்டியில் விமானங்கள் இருபது அடிக்கும் குறைவான தூரத்தில் நின்று காட்டியிருக்கின்றன. ஐடஹோவின் மலைப்பள்ளத்தாக்குகளில் வார இறுதியில் கூடாரத்தோடு பறந்துபோய்ப் புல்தரையில் இறங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இவர்களின் கைத்திறனைக் குறைத்துப் பேசும் புஷ் பைலட்டுகளை எனக்குப் பிடிக்காது. மெதுவான வேகத்தில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் கலையில் பலர் எங்களைவிடத் தேர்ந்தவர்கள். ஆனால் அந்தப் போட்டி விமானத்தில் சரக்கு இல்லை, எரிபொருள் சொட்டளவு, காற்று பிடிக்காவிட்டால் கலந்துகொள்ளாமல் இருக்கலாம். அதே மாதிரியான சூப்பர் கப் என்ற குட்டி விமானத்தில் ஒரு வேட்டைக்காரரையும் அவருடைய இறைச்சி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, அக்டோபர் மாலையில் ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டிலிருந்து கிளம்புவது வேறு கணக்கு. இன்று எவ்வளவு எடை, காற்று எந்தப் பக்கம், மணல் எவ்வளவு ஈரம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் தேட வேண்டும். ஒரு பீப்பாய் எரிபொருளே சுமார் 165 கிலோ. அதை உருட்டி ஏற்றியவனும் கட்டியவனும் ஓட்டுகிறவனும் ஒரே ஆளாக இருப்பது இந்தத் தொழிலின் அடையாளங்களில் ஒன்று.

மாலத்தீவின் கடல் விமானங்கள் நம் வாசகர்களில் பலர் ஏறியிருக்கக்கூடியவை. ட்வின் ஓட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை அலை அடிக்கும் திறந்த கடற்கழியில் இறக்கி, மிதக்கும் மேடையோரம் கொண்டுவந்து நிறுத்துவது எளிதான வேலை இல்லை. செருப்பில்லாமல் ஓட்டுகிறார்கள் என்பதற்காகச் சிரிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் போகிற இடம் பெரும்பாலும் சுற்றுலா விடுதி, விமானம் வராவிட்டால் அதிவேகப் படகு வரும். திறமையில் புஷ் ஃப்ளையிங், தேவையில் இல்லை என்பது என் கருத்து. போட்ஸ்வானாவில் மவுனிலிருந்து ஒகவாங்கோ டெல்டாவின் மண் தளங்களுக்குப் பறப்பதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்வேன். அங்கேயும் பயணிகள் சுற்றுலாக்காரர்கள்தான். என்றாலும் வெள்ளம் சூழ்ந்தால் முகாம்களுக்கு வழி விமானமே, ஓடுதளத்தில் யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அலாஸ்காவின் டெனாலி மலையின் கஹில்ட்னா பனியாற்றில் மலையேறுவோரை இறக்கிவிடும் டால்கீட்னா பைலட்டுகளையும் இந்தக் கணக்கிலேயே வைக்கிறேன். வெளிச்சம் மங்கினால் பனிச்சரிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத இடம் அது.

கேள்விக்கே இடமில்லாத இடம் பப்புவா நியூ கினி. 1930களில் புலோலோ பள்ளத்தாக்கின் தங்கச் சுரங்கத்துக்குத் தேவையான ராட்சதத் தூர்வாரிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து லே என்ற கடற்கரை ஊரிலிருந்து யுங்கர்ஸ் விமானங்களில் கொண்டுபோனார்கள். இன்றும் அந்த மலைநாட்டில் ஓடுதளங்கள் சரிவாகவே இருக்கின்றன. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கிக் கிளம்ப வேண்டும். முன்னால் மலைச்சுவர், ஒரு புள்ளியைத் தாண்டினால் மீண்டும் மேலெழ வாய்ப்பில்லை. ஓடுதளத்தின் புல்லை வெட்டுவதும் பன்றிகளை விரட்டுவதும் ஊர் மக்களே. அருணாசலப் பிரதேசத்தின் விஜயநகர் போன்ற எல்லை ஊர்களுக்கு இந்திய விமானப்படை ஓட்டர், டகோட்டா விமானங்களின் காலத்திலிருந்து செய்துவரும் சரக்குப் பறப்பும் என் கண்ணுக்கு இதே குடும்பம்தான். சீருடை போட்டிருப்பதால் அது கணக்கில் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

ஆபத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ‘உண்மையான’ என்ற சொல்லை ‘ஆபத்தான’ என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். மோசமான வானிலையில் போய்வந்தவன்தான் புஷ் பைலட் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் பலரைக் கொன்றிருக்கிறது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிறு விமான வாடகைச் சேவைகளின் விபத்துகளை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. அடிப்படையான இரண்டு காரணங்களை அது சொன்னது: பாதுகாப்பற்ற நடைமுறைகளை இயல்பாக ஏற்றுக்கொள்வது, ஆபத்துகளை நிர்வாகம் சரியாகக் கையாளாதது. அதிக எடை, குறைந்த எரிபொருள் இருப்பு, தாழ்ந்த மேகத்துக்குக் கீழே ஊர்ந்து போவது என்று படித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு வரியிலும் எனக்குத் தெரிந்த ஏதோ ஒரு ஏரி நினைவுக்கு வருகிறது. மறுமுனையில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை என்பதே பைலட்டின் மேல் அழுத்தமாக மாறுகிறது. நோயாளி காத்திருக்கிறார், நாளை குழந்தைக்குப் பால் இல்லை என்று சொன்னால் எப்படித் திரும்புவது? திரும்பத் தெரிந்தவரே இந்த வேலையில் நிலைக்கிறார். உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

ஆகவே, வடக்கே வர நினைக்கும் நண்பருக்கு: வேலை இருக்கிறது, நீங்கள் நினைத்த தோற்றத்தில் இருக்காது. கனடாவில் மிதவை விமானத் தகுதிக்குக் குறைந்தது 7 மணி நேரப் பயிற்சி போதும். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்களைப் பீவரில் உட்கார வைக்க மாட்டார்கள். முதல் பருவம் படகுத்துறையில் சரக்கு ஏற்றுவதிலும் எரிபொருள் நிரப்புவதிலும் போகும். காலையில் மிதவைகளின் ஒவ்வோர் அறை மூடியையும் கழற்றிக் கைப்பம்பால் நீர் இறைப்பீர்கள். எந்த அறையில் நேற்றைவிட அதிகம் வருகிறது என்று கவனிப்பீர்கள். கட்டிப் போடப்பட்ட சரக்கைப் பார்த்தே விமானத்தின் எடை எங்கே சாய்கிறது என்று சொல்லக் கற்பீர்கள். அதை வீணான காலம் என்று நினைக்காதீர்கள்; பைலட்டாகப் பின்னால் எடுக்கப்போகும் முடிவுகளில் பாதி அந்தத் துறையில் உருவாகிறது. சம்பளம் குறைவு, அறை பகிர்வு, கொசு அதிகம்.

வேலைக்கான நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதோடு நீங்களும் தலைமைப் பைலட்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: "கடைசியாக ஒரு பைலட் பாதி வழியில் திரும்பி வந்தது எப்போது, அப்போது அவரிடம் என்ன சொன்னீர்கள்?" யோசிக்காமல் நாளும் காரணமும் சொல்லி, ‘காபி குடி, மதியம் பார்க்கலாம் என்றேன்’ என்கிற மாதிரி பதில் வந்தால் அங்கே சேருங்கள். எங்கள் பைலட்டுகள் திரும்புவதில்லை என்று பெருமையாகச் சொன்னால், விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு நிறுவனம் பாருங்கள்.